தூக்கத்துக்கு அழுத பிள்ளை

என் தம்பி பிழைத்தது உரம் எடுத்ததால் அல்ல. முதலில் இதை எழுதிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

போன மாதம் அவன் வீட்டில் ஒரு விசேஷம். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒருவரின் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. உடனே தம்பி ஆரம்பித்துவிட்டான். ஏழு மாதத்தில் அவனுக்கு உரம் விழுந்து உயிரே போகவிருந்ததாம். பெரிய அத்தை சேலையில் போட்டு உருட்டித்தான் காப்பாற்றினாராம். சேலையை எப்படிப் பிடித்தார்கள், எப்படி உருட்டினார்கள் என்று இரண்டு கையாலும் செய்து காட்டுகிறான். ஏழு மாதக் குழந்தையாகச் சேலைக்குள் கிடந்தவன் எதிரே நின்று பார்த்தவன் மாதிரி சொல்கிறான். எதிரே நின்று பார்த்தவளான நான் பாயசப் பாத்திரத்தோடு வாசற்படியில் நிற்கிறேன். "இந்த அக்காகூட அப்ப இருந்துச்சு" என்று என்னைக் கைகாட்டினான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே, கண்மாய்க் கரையைப் பிடித்து நடந்தால் வந்துவிடுகிற ஊர் எங்களுடையது. எனக்குப் பிறகு ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமலிருந்து பிறந்தவன் தம்பி. ஆண் பிள்ளை வேறு. வீட்டில் எல்லோரும் அவனைக் கொண்டாடினார்கள். ஆனால் சுமந்தவள் நான். அம்மா களையெடுக்கவும் கடலை பிடுங்கவும் போய்விடுவாள். அவனுடைய மூன்றாம் மாதத்திலிருந்து என் இடது இடுப்புதான் அவனுக்கு வீடு. அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு நான் பாதி நாள்தான் போனேன். மீதிப் பாதி நாள் இவனைப் படித்தேன்.

அவனுக்குத் தூக்கம் வருவது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். முதலில் பார்வை விலகும். நம் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் நம் காதுக்குப் பின்னால் எதையோ பார்க்கத் தொடங்குவான். பிறகு மூக்கை என் தோளில் தேய்ப்பான். வலது காதைப் பிடித்து இழுப்பான், எப்போதும் வலது காதுதான். புருவம் இருக்கிற இடம் லேசாகச் சிவக்கும். இந்தச் சமயத்தில் தூளியில் போட்டால் நாலு ஆட்டில் தூங்கிவிடுவான். ஒரு பாட்டுக்கூடத் தேவையில்லை.

அந்தச் சமயத்தை விட்டுவிட்டால் வருவது கொட்டாவி அல்ல, சிரிப்பு. இதுதான் பெரியவர்களுக்குத் தெரியாது. காலை உதறுவான், கையை அடிப்பான், மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பான். ஒரு துணி அசைந்தால் சிரிப்பு, ஒரு பாத்திரம் உருண்டால் சிரிப்பு. பார்க்கிறவர்களுக்கு அவன் சந்தோஷமாக இருப்பதாகத் தோன்றும். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டாலே பயம். தூக்கம் தப்பிப்போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். அதற்கப்புறம் தூக்கத்தின் மேலேயே அவனுக்குக் கோபம் வந்துவிடும். மடியில் சாய்த்தால் வீறிடுவான். தூளியைக் கண்டால் உடம்பை விறைப்பான். பால் கொடுத்தால் முகத்தைத் திருப்புவான். தூக்கத்துக்காக அழுகிற பிள்ளை தூங்கவைத்தால் தூங்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். அது அப்படி இல்லை. ஐந்து மாதம் இடுப்பில் வைத்திருந்தால் தெரியும்.

தை மாதம் எங்கள் ஊரில் மஞ்சுவிரட்டு. மாடுகளைத் திடலில் அவிழ்த்துவிடுகிற நாள் என்றால் சுற்றுப்பட்டுச் சொந்தமெல்லாம் வண்டி கட்டி வந்து இறங்கும். விடியுமுன்னே கொம்பு சீவுவதும் வர்ணம் அடிப்பதும் கழுத்துமணி கட்டுவதுமாகத் தெருவே கூச்சல். வேட்டு வேறு. தம்பி வழக்கமாக எழுகிற நேரத்துக்கு இரண்டு நாழிகை முன்பே எழுந்துவிட்டான். ஆண்கள் மாடுகளோடு திடலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருபது பேராவது இருப்பார்கள். அம்மா அடுப்படிக்குள் போனவள்தான், வெளியே வரவில்லை. இருபது பேருக்கும் திடலிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் சோறு வடிக்க வேண்டும்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பெரிய அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. அப்பா சிறு பிள்ளையாக இருந்தபோதே தாயை இழந்தவர். அத்தைதான் தூக்கி வளர்த்தார். அதனால் எங்கள் வீட்டில் அத்தை சொன்னால் சொன்னதுதான். அப்பாவே எதிர்த்துப் பேசமாட்டார். அத்தை கெட்டவர் அல்ல, இதையும் எழுதத்தான் வேண்டும். தம்பியின் மேல் அவருக்கு உயிர். அந்த உயிரால்தான் அன்றைக்கு இவ்வளவு வினையும்.

"எம் மருமகன இங்கிட்டுக் குடுத்தா" என்று வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினார். அத்தையின் கையிலிருந்து அவருடைய மருமகள், அவள் கையிலிருந்து இன்னொருத்தி, அங்கிருந்து வேறொருத்தி. ஒருத்தி கன்னத்தைக் கிள்ளுவாள், ஒருத்தி மேலே தூக்கிப்போட்டுப் பிடிப்பாள், ஒருத்தி கிலுகிலுப்பையை அவன் மூக்குக்கு நேரே வைத்து ஆட்டுவாள். நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். பார்வை விலகியதைப் பார்த்தேன். மூக்கைத் தேய்த்ததைப் பார்த்தேன். அவன் கிடந்த தோளில் பட்டுச்சேலை இருந்ததால் சரிகை உரசி மூக்கு சிவந்துவிட்டது. வலது காதைப் பிடித்து இழுத்தான்.

"அயித்தே, அவனுக்குத் தூக்கம் வருது" என்றேன்.

"தூக்கமா? கண்ணு ரெண்டும் கோலிக்குண்டு மாதிரி முழிச்சிக்கிட்டு இருக்கு. இவளுக்குத் தூக்கமாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பார்த்து அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு.

"பாருங்கடி, அத்தக்காரியக் கண்டுக்கிட்டான்! இவ்வளவு நேரம் எங்கிருந்த, இப்பத்தான் வாரியான்னு கேக்குறான்."

அவ்வளவுதான். சிரிக்கச் சிரிக்க இன்னும் தூக்கிப்போட்டார்கள். அவன் இன்னும் சிரித்தான். நான் அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். நாங்கள் அம்மாவை ஆத்தா என்று கூப்பிடுவோம். "ஆத்தா, அவனுக்குத் தூக்கம் தப்பிருச்சு" என்றேன். அம்மா சோற்றுப் பானையைச் சரித்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். ஆவியில் அவள் முகம் தெரியவில்லை. "போயி அயித்தைக்கிட்டச் சொல்லு" என்றாள். அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலை போட்டுப் பாதி பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அழுகை தொடங்கியது. தொடக்கமே உச்சிக்குரல். முதுகை வில்லாக வளைத்தான், கையை இறுக்கி மூடினான், முகமெல்லாம் கறுத்துச் சிவந்தது. அம்மா ஓடிவந்து ஒரு நிமிடம் பால் கொடுத்துப் பார்த்தாள். வாயை வைத்துக் கடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். "பாலே குடிக்கலயே!" என்று அத்தை மார்பில் கைவைத்தார். தூளியில் போட்டு ஆட்டினார்கள். விறைத்தான். உடனே அது தூக்கம் இல்லை என்று முடிவாகிவிட்டது.

அப்புறம் வைத்தியம் ஆரம்பமானது.

முதலில் திருஷ்டி. மிளகாயும் உப்பும் தெருமண்ணும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். மிளகாய் கமறாவிட்டால் திருஷ்டி பட்டிருக்கிறது என்று அர்த்தம். நன்றாகவே கமறியது. இருபது பேரும் இருமினோம். ஆகவே திருஷ்டி இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். அழுதுகொண்டிருந்தவனுக்கு இருமலும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது வயிறு. வசம்பைச் சுட்டு எண்ணெயில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினார்கள், நாக்கிலும் வைத்தார்கள். ஒருத்தி காலை மடக்கி மடக்கி நீட்டினாள். ஒருத்தி அவன் காதருகே கிண்ணத்தைத் தட்டினாள், கவனம் திரும்புமாம். எட்டுக் கை, பத்துக் குரல். எனக்கே எங்காவது ஓடிப்போகலாம் போலிருந்தது.

"அயித்தே, கொஞ்ச நேரம் எங்கிட்டக் குடுங்க" என்று இரண்டாவது முறை சொன்னேன்.

"வந்துட்டா பெரிய டாக்டரம்மா!" என்றாள் அத்தையின் மருமகள்.

மூன்றாவதுதான் உரம். குழந்தையைச் சரியாகத் தாங்காமல் தூக்கினால் கழுத்திலோ முதுகிலோ பிசகிக்கொள்ளும், அதைத்தான் உரம் விழுவது என்பார்கள். பழைய சேலையை இரண்டு பேர் நுனிகளைப் பிடித்துக்கொண்டு நடுவில் குழந்தையைப் போட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டினால் சரியாகிவிடும் என்பது வழக்கம். அத்தை அவன் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "உரம் விழுந்திருக்கு. யாரோ தாங்காமத் தூக்கியிருக்காங்க" என்றார்.

கூடத்தில் ஒவ்வொரு முகமாக என் பக்கம் திரும்பியது.

காலையிலிருந்து பதினைந்து பேர் அவனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். ஆனால் திரும்பிய முகங்களில் அந்தப் பதினைந்தும் இருந்தன.

"இவதான தூக்கிக்கிட்டுத் திரியிறா" என்றார் ஒருவர்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "கீழ போட்டியா? உண்மையச் சொல்லு. அடிக்கமாட்டேன், சொல்லு."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட நான் அவனைக் கீழே போட்டதில்லை. நான் விழுந்திருக்கிறேன். கண்மாய்க் கரையில் சறுக்கி, முழங்கை இரண்டும் பெயர்ந்து, அவன் மேல் மண் படாமல் விழுந்திருக்கிறேன். அதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

"பேசமாட்டேங்குறா பாரு. போட்டுட்டா" என்று தீர்ப்பாகிவிட்டது.

சேலையில் போட்டு உருட்டினார்கள். மூன்றாவது உருட்டில் அவன் சட்டென்று அழுகையை நிறுத்தினான். பயத்தில் மூச்சடைத்து நிறுத்தினான். நான் பக்கத்தில் நின்று அவன் கண்ணைப் பார்த்தேன். பத்து எண்ணுகிற நேரம்கூட இருக்காது. "ஆங், எடுத்தாச்சு!" என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். அதற்குள் முன்னைவிடப் பெரிய குரலில் ஆரம்பித்துவிட்டான். இந்தப் பத்து எண்ணுகிற நேரத்தைத்தான் என் தம்பி இத்தனை வருடமாகக் கதை சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உரமும் இல்லை என்றானபின் அத்தைக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. "வில்லா வளையுறானே, இது மாந்தம். விட்டா வலிப்புல இழுத்துக்கும். சூடு போட்டுத்தான் ஆகணும்" என்றார். மேலத்தெருவில் ஓர் அம்மா சூடு போடுவார். ஆள் அனுப்பினார்கள்.

சூடு என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மஞ்சள் கொம்பின் நுனியை விளக்குத் திரியில் காட்டி, அது கனன்று சிவந்ததும் குழந்தையின் வயிற்றில் ஒற்றி எடுப்பார்கள். தொப்புளைச் சுற்றி மூன்று அல்லது ஐந்து. அந்த நாளில் சட்டையைக் கழற்றினால் பாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் தழும்பு இருக்கும். எனக்கும் மூன்று இருக்கின்றன. எட்டு மாதத்தில் வைத்தார்களாம். எனக்கு நினைவில்லை. ஆனால் குளிக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். தூக்கம் வருகிற பிள்ளையின் வயிற்றில் தணலை வைக்கப் போகிறார்கள்.

அந்த அம்மா வந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பதற்றமே இல்லை. "வெளக்கும் மஞ்சக் கொம்பும் கொண்டாங்க" என்றார்.

"எடுத்துட்டு வாத்தா" என்று அத்தை அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார்.

அம்மா வெளியே வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். சூடு போட வந்தவரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள்.

"சரிங்க மதினி" என்றாள்.

இதைத்தான் நான் பல வருடம் மன்னிக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லவேண்டாம், வேண்டாம் மதினி என்றாவது சொல்லியிருக்கலாம். சரிங்க மதினி!

"வாயெல்லாம் வசம்பா இருக்கு, தொடச்சிட்டுத் தாரேன்" என்று அத்தையின் மடியிலிருந்து தம்பியை வாங்கினாள். அடுப்படி வாசல்வரை தூக்கிக்கொண்டு வந்தாள். அங்கே நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அழுது துடிக்கிறவனை என் கையில் திணித்தாள்.

"இந்தா, புடி. வழியில நிக்காத. அங்கிட்டுப் போ."

அத்தனை பேர் முன்னால் நாயை விரட்டுகிற மாதிரி. நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். போகும்போதுதான் ஒரு யோசனை வந்தது. மாட்டுக் கொட்டில் காலியாக இருக்கும். வருடத்தில் ஒரு நாள், மாடுகளெல்லாம் திடலில் இருக்கிற நாள்.

உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக இருந்தது. சாணி மெழுகிய தரை, மூலையில் வைக்கோல். படலை இழுத்துச் சாத்தினேன். கூடத்துச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிட்டது. அவன் அழுதுகொண்டுதான் இருந்தான். நான் ஆட்டவில்லை. பாடவில்லை. "ஓ ஓ" என்று சமாதானம் சொல்லவில்லை. தப்பிப்போன தூக்கத்தை விரட்டிப் பிடிக்கக் கூடாது, கோழியைப் போல அதுவாகத்தான் கூண்டுக்கு வர வேண்டும். அவன் முகத்தை என் கழுத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன், எதுவும் கண்ணில் படாதபடி. என் பாவாடை நுனியை இழுத்து அவன் தலைமேல் போட்டேன். உள்ளங்கையை முதுகில் வைத்தேன். தட்டவில்லை, வைத்தேன். அவன் அழுகிற வேகத்துக்கு முதலில் கை கொஞ்சம் வேகமாக அழுத்த வேண்டும். பிறகு நாம் மெதுவாக்க வேண்டும். அவன் நம் பின்னால் வருவான். வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு முனகல், மாடு அசை போடும்போது வருமே அதுபோல. அவ்வளவுதான் என் வித்தை. அவனுடைய நெஞ்சு என் நெஞ்சில் படபடவென்று அடித்தது. நான் பெருமூச்சு விட்டால் அவனுக்கும் ஒரு விக்கல் வந்தது.

இதற்கிடையில் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "இங்கதான மதினி வச்சேன். மஞ்சளக் காணுமே."

எனக்கு எரிச்சலாக வந்தது. பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொம்பு அடுக்குப்பானையில் மேலிருந்து மூன்றாவதில் இருந்தது. எனக்கே தெரியும். காலையில் குழம்புக்கு அதிலிருந்துதான் எடுத்து இடித்தாள். பானைகளை இறக்கி வைக்கிற சத்தம், மறுபடி அடுக்குகிற சத்தம், "வெளக்குல எண்ணெ இல்ல போலருக்கே" என்று இன்னொரு முறை. இந்த வீட்டில் ஒரு பொருளும் வைத்த இடத்தில் இருப்பதில்லை என்று அத்தை சத்தம் போட்டார். மறுபடியும் பானைகள் இறங்கின. இவ்வளவு மந்தமாகவா ஒரு மனுஷி இருப்பாள் என்று நினைத்தேன். நல்லவேளை, அந்த மந்தத்தால் எனக்கு நேரம் கிடைத்தது என்றும் நினைத்தேன். இரண்டையும் சேர்த்து நினைக்கத் தெரியவில்லை.

தம்பியின் அழுகை தேம்பலாயிற்று. மூடியிருந்த கை என் தோளில் ஒவ்வொரு விரலாகத் திறந்தது. வலது காதை ஒரு முறை இழுத்தான். போன தூக்கம் திரும்பி வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வைக்கோலில் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு நீளமான மூச்சு விட்டான். உடம்பு கனத்தது. தூங்கிய பிள்ளைக்கு ஒரு கனம் உண்டு, விழித்திருக்கிற பிள்ளைக்கு அது வராது.

அப்போது படல் விலகியது. அம்மா தலையை நீட்டினாள். என் உயிரே போய்விட்டது. நேராக என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு படலைச் சாத்திவிட்டு, "இங்கிட்டு இல்ல மதினி, கண்மாய்ப் பக்கம் போயிருப்பா" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனாள்.

வெயிலிலிருந்து வந்தவளுக்கு இருட்டில் கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்களை அனுப்பிக் கண்மாய்க் கரையெல்லாம் தேடினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா திடலிலிருந்து மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து படலைத் திறந்தபோதுதான் நான் அகப்பட்டேன். மாடு என்னைப் பார்த்து மிரண்டு பின்வாங்கியது. அப்பா "இங்க என்னத்தா பண்ற?" என்றார். அதற்குள் பின்னாலேயே அத்தை, அவர் பின்னால் மொத்தக் கூட்டம்.

"சீக்காப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து மாட்டுக் கொட்டில்ல ஒளிஞ்சிருக்கா பாரு! புள்ளைய என்ன பண்ணுன? மூச்சு இருக்கா?" அத்தை கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவர் கண்ணில் கண்ணீர்.

அம்மா எங்கிருந்து வந்தாளோ தெரியாது. தம்பியை என் மடியிலிருந்து எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். எல்லோரும் பார்க்க என்னைக் கன்னத்தில் அறைந்தாள். முதுகில் இன்னும் இரண்டு. காது அடைத்துக்கொண்டது. அதற்கு முன்னும் பின்னும் அம்மா என்னை அப்படி அடித்ததில்லை.

"போதும் விடுத்தா" என்று அத்தைதான் குறுக்கே வந்தார். "பச்சப்புள்ள, பொட்டப்புள்ள, கன்னத்துலயா அடிக்கிறது?" ஓங்கிய கையாலேயே என்னைப் பிடித்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார்.

சூடு போடுகிற அம்மா விளக்கும் மஞ்சளுமாக இன்னும் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து அப்பாவின் தோளில் கிடந்த தம்பியைப் பார்த்தார். இமையை லேசாக விலக்கிப் பார்த்தார். "தூங்குற புள்ளைக்குச் சூடு வைக்கக் கூடாது. முழிக்கட்டும்" என்று வெற்றிலை வாங்கிக்கொண்டு போனார். தம்பி விளக்கு வைத்த பிறகுதான் விழித்தான். விழித்ததும் பால் குடித்தான். எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். அது நல்ல சிரிப்பு.

"உரம் எடுத்தது இப்பத்தான் பிடிச்சிருக்கு" என்றார் அத்தை. எல்லோரும் ஆமாம் என்றார்கள். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் கதை. அவனைக் கீழே போட்டவள் நான், எடுத்துக் காப்பாற்றியவர் அத்தை.

நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போய், கூடத்தில் பெரியவர்கள் பேசுகிறபோது கதவுக்குப் பின்னால் நிற்கப் பழகிய பிறகுதான் அம்மாவின் அன்றைய மந்தம் எனக்கு விளங்கியது. அந்த வீட்டில் அவளுக்கு மாட்டேன் என்ற சொல் கிடையாது. தாமதம் ஒன்றுதான் இருந்தது. இருக்கிற மஞ்சளைக் காணவில்லை என்றாள். கண்ணுக்கு நேரே இருந்தவளை இல்லை என்றாள். அறைந்ததும் அப்படித்தான். பெற்றவள் அடித்துவிட்டால் மற்றவர்கள் விலக்கிவிடத்தான் வேண்டும், எங்கள் பக்கம் அது வழக்கம். அத்தை அடித்திருந்தால் விசாரணை தொடர்ந்திருக்கும். தம்பியை எழுப்பியிருப்பார்கள். இதெல்லாம் இப்போது தெரிகிறது. தெரிந்தும் கோபம் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்று அதைப் பெற்றவள் வாய்விட்டுச் சொல்ல முடியாத வீடு என்ன வீடு? இன்னொன்று, கொஞ்சம் மெதுவாக அறைந்திருக்கலாம்.

அன்றைக்கு நடந்ததில் யாருக்கும் சொல்லாத பகுதி ஒன்று இருக்கிறது.

தம்பி விழித்து எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்ட பிறகு நான் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, அம்மாவோடு ஆயுளுக்கும் பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அம்மா குடத்தோடு வந்தாள். வாளியை உள்ளே விட்டாள். தண்ணீர் இறைத்துக் குடத்தில் ஊற்றினாள். குடம் நிறைந்த பிறகும் போகவில்லை. வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக,

"எப்புடித்தா தூங்க வச்ச?" என்றாள்.

கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அடித்துவிட்டு இப்போது கேலி செய்கிறாள் என்று நினைத்தேன்.

"நான் ஒண்ணும் தூங்க வைக்கல. அவனாத் தூங்குனான்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் திரும்பவில்லை. "சரித்தா" என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

தம்பியைத் தூங்க வைத்தது நான்தான் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லையே என்று இத்தனை வருடம் பொருமிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தி அன்றைக்கே ஒப்புக்கொண்டாள், எப்படி என்று கற்றுக்கொள்ளவும் வந்து நின்றாள். இல்லை என்று சாதித்தவள் நான்தான்.